வாக்குமூலம் யாருடைய நடை? பயிற்சியில் இருக்கும் உதவி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உதவி ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். ஊனமாஞ்சேரி பயிற்சியகத்தில் விடிவதற்கு முன் கவாத்து, பகலில் சட்ட வகுப்பு என்று உங்கள் நாட்கள் போய்க்கொண்டிருக்கும். நான் தென்மாவட்டத் தாலுகா நீதிமன்றம் ஒன்றில் இருபத்துமூன்று வருடமாகக் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர். பெரும்பாலும் எதிரி தரப்பு. நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். யாருக்கு எதிரி என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களில் பலர் என் மகள் வயதில் இருப்பீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளில் தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு ஒரு நிலையத்தில் போய் உட்காருவீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு திருட்டுப் புகார் வரும். ஏட்டையா யாரையாவது கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். "இவன்தான் சார்" என்பார். பெஞ்சில் இருப்பவன் எதுவும் சொல்ல மாட்டான். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் கிணற்று மோட்டார் திருட்டு வழக்கு ஒன்று வந்தது. எதிரிகள் இருவர். ஒருவர் கொத்தனாருக்குக் கையாள், இன்னொருவர் வேறு ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இருவரிடமும் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில் வாங்கியதாக இரண்டு ஒப்புதல் வாக்குமூலம் வழக்குக் கட்டில் இருந்தது. "நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவி மக்களுடன் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் உண்டு. வருமானம் போதாததால்..." என்று இரண்டும் ஆரம்பித்தன. "என்னை அழைத்துச் சென்றால் மேற்படி மோட்டாரை மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்று இரண்டும் முடிந்தன. இருசக்கர வாகனம் இரண்டிலும் 'இருசக்கிர வாகனம்' என்று இருந்தது.

கையாளை என் அலுவலகத்தில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். "ஐயா, 'நீர்மூழ்கி மின்மோட்டார்'னு எனக்குச் சொல்லவே வராது. நாங்க மோட்டர்னுதான் சொல்லுவோம்." அடியில் இருந்த கையெழுத்து மட்டும் அவருடையது. என் வக்காலத்தில் அதே கையெழுத்தைப் போட அவருக்கு அரை நிமிஷம் ஆனது.

அவர் திருடினாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் கட்சிக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் காகிதத்தில் பேசியது அவர் இல்லை என்பது மட்டும் தெரியும். எழுதியவரின் நடை அதில் அப்படியே இருந்தது.

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று முதல் வார வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25, 26ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 23. (இந்தப் பெயர் இன்னும் எங்கள் வாயில் நுழையவில்லை. நீதிமன்ற வராந்தாவில் இப்போதும் பழைய நம்பரில்தான் பேச்சு.) சரி, செல்லாத காகிதத்தை எழுதுவதற்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்?

பாதி விடை பழைய 27ஆம் பிரிவில் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். இது இன்றைக்கு 23இன் கீழ் ஒரு விதிவிலக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு செல்லும் என்று தீர்ந்தது நம் பழைய சென்னை மாகாணத்தின் குண்டூர் வழக்கு ஒன்றில்தான். புலுக்குரி கோட்டய்யா வழக்கு, அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், 1947 தொகுப்பு. கொலை செய்தேன், ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன், காட்டுகிறேன் என்பது வாக்குமூலம். ஒளித்து வைத்ததும் காட்டியதும் செல்லும், கொலை செய்தேன் என்பது செல்லாது என்றார்கள். முழுவதையும் அனுமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு குத்தலான காரணமும் சொல்லியது. ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினால் தடை நீங்கிவிடும் என்றால், அந்தப் பொருளைக் கொண்டுவர வைக்கும் அளவுக்குப் போலீசின் 'வற்புறுத்தும் திறமை' வளர்ந்துவிடும், தடை பேருக்குத்தான் இருக்கும் என்றது. லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நம் ஊர் நிலையம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆக, 'என்னை அழைத்துச் சென்றால்' என்ற அந்தக் கடைசி வரிக்காகத்தான் முன்னால் உள்ள ஒன்றரைப் பக்கமும் எழுதப்படுகிறது. அப்புறம் ஒரு கிராம நிர்வாக அலுவலர், ஒரு தலையாரி, இரண்டு கையெழுத்து, பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகள் முன் எழுதும் ஒரு மகஜர். மோட்டார் அந்த முள்ளுக்காட்டில் இருப்பது காலையிலேயே நிலையத்துக்குத் தெரியுமா, எதிரி சொல்லித்தான் தெரிந்ததா என்று நாங்கள் குறுக்கு விசாரணையில் நோண்டுவோம். நிர்வாக அலுவலர் கூண்டில் நின்று வியர்ப்பார். பாதி வழக்கு அங்கேயே விழும்.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்ற கதை உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ. நம் மண்ணிலிருந்தே நிறைய வந்தது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1854இல் ஒரு கமிஷன் போட்டார்கள். 1855இல் அறிக்கை வந்தது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே தாசில்தார் கையில் இருந்த காலம். வரி கட்டாதவனுக்கும் திருட்டில் சந்தேகப்பட்டவனுக்கும் ஒரே வைத்தியம். கிட்டி என்று மரக்கட்டைகளுக்கு இடையில் விரலை வைத்து நசுக்குவது, ஆளைக் குனிய வைத்து அசையாமல் கட்டிப்போடும் அண்ணந்தாள், கண்ணில் மிளகாய். எல்லாம் நம் சொற்களாகவே அந்த ஆங்கில அறிக்கைக்குள் போய்விட்டன. 1861இல் வந்த குற்ற விசாரணைமுறைச் சட்டத்தில் போலீசிடம் தரும் ஒப்புதலுக்குத் தடை வந்தது. பிறகு 1872இல் அதைச் சாட்சியச் சட்டத்துக்குள் கொண்டுபோனவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். போலீஸ் ஏன் அடிக்கிறது என்று இந்தியாவில் அனுபவப்பட்ட ஓர் அதிகாரி தன்னிடம் சொன்னதை ஸ்டீபன் பின்னால் எழுதி வைத்தார். வெயிலில் சாட்சியம் தேடி அலைவதைவிட நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுகமாக இருக்கிறது என்பதுதான் அது.

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். ஆனால் வெறும் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வெயில் இன்றைக்கு வேறு மாதிரி அடிக்கிறது. காலையில் அமைச்சர் பந்தோபஸ்து, மதியம் கோயில் கொடை, ராத்திரி ரோந்து. நடுவில் உயர் அதிகாரி போன்: "என்னப்பா, நகை கேஸ் என்னாச்சு?" மறுநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் நகையைப் பரப்பி வைத்துக்காட்ட வேண்டும். எதிரி ஒப்புக்கொண்டால் தேடல் அங்கேயே முடிகிறது. யார், ஏன், எப்படி, பொருள் எங்கே என்ற நான்குக்கும் ஒரே வாயிலிருந்து விடை கிடைக்கிறது. தடயவியல் அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இவன்தான்' என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்ட மனசுக்கு அது பெரிய நிம்மதி. நிரபராதியோ என்ற உறுத்தல் போய்விடுகிறது. ஒப்புதலைப் போலீஸ் தேடுவது நீதிபதிக்காக என்பதைவிடத் தன் மனசுக்காகத்தான் என்று எனக்குப் பல வருடமாகவே ஒரு எண்ணம்.

பொதுமக்களாகிய நாங்களும் யோக்கியர்கள் இல்லை. என் அக்காவின் தாலிச் செயினைப் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் ரத்தம். சந்தேகத்தில் ஒரு பையனைப் பிடித்து வைத்திருந்தார்கள். குற்ற வழக்கு வக்கீலான நானே அந்த உதவி ஆய்வாளரிடம், "கொஞ்சம் விசாரிங்க சார்" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. அந்தப் பையனுக்கும் செயினுக்கும் சம்பந்தம் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

கையில் மாவுக்கட்டோடு நிற்கும் ஆள்களின் படம் போனில் வந்தால் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறோம். 'கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்று செய்தியில் வரும். நம் மாநிலத்து நிலையங்களின் தரைதான் எவ்வளவு வழுக்கல்! கைத்தட்டுகிற கூட்டம், மூன்று மாதம் கழித்து உங்களில் ஒருவர் பணியிடை நீக்கமாகி நிற்கும்போது அங்கே இருக்காது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோயில் காவலாளி ஒருவர். காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று புகார். தனிப்படை கூட்டிக்கொண்டு போனது. நகை எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்ததாகத்தான் குற்றச்சாட்டு. அவர் செத்துப்போனார். பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கும் மேல் காயங்கள். வழக்கு சிபிஐக்குப் போனது, காவலர்கள் கைதானார்கள். தெரியாததை ஒருவன் எப்படிச் சொல்வான் என்ற கேள்வி அந்த இரண்டு நாளில் யாருக்கும் வரவில்லையா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நிரபராதியை அடிப்பதில் உள்ள கோளாறே இதுதான். குற்றவாளிக்காவது பொருளைக் காட்டி அடியை நிறுத்த வழி இருக்கிறது. நிரபராதிக்கு அதுவும் கிடையாது.

உயிரோடு தப்பிக்க வேண்டுமென்றால் அவன் ஒரு கதை சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் குருகிராமில் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பையன் கொல்லப்பட்டான். அன்றைக்கே பேருந்து நடத்துநர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்கள், டிவி கேமரா முன்னாலும் ஒப்புக்கொண்டார். நாடே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. இரண்டு மாதம் கழித்து வழக்கு சிபிஐ கையில் இருந்தபோது, அதே பள்ளியின் மூத்த மாணவன் ஒருவனைப் பிடித்தார்கள். 2018 பிப்ரவரியில் நடத்துநர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். கேமரா முன் சொன்னதே அப்படி என்றால், நாலு சுவருக்குள் சொன்னதைப் பற்றி என்ன சொல்ல?

ஆனால் உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும் பாடம் வேறு ஒன்று. அதில் அடி உதை பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதலைச் செல்லும் என்று ஆக்கியிருந்தது. 1872இல் போட்ட பூட்டைத் திறந்துவிட்ட சட்டம் அது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று சொன்னது, ஆனாலும் அந்தச் சட்டத்தில் வாங்கிய ஒப்புதல்களை மற்றக் குற்றங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றது. பேரறிவாளனின் தூக்கு உறுதியானது. 2013இல், ஓய்வு பெற்ற பிறகு, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே வாயைத் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதை, தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். 2022 மே 18இல் பேரறிவாளன் விடுதலையானபோது முப்பது வருடம் ஓடியிருந்தது.

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் விட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே இருந்திருக்காது, அவ்வளவுதான். வாக்குமூலம் என்று தலைப்புப் போட்டு உட்காருகிற கைக்கு எது தேவையோ அது மட்டும்தான் காதில் விழும். நாளைக்கு உங்கள் கையும் அப்படித்தான் எழுதும். தடா 1995இல் காலாவதியானது, அதன் தம்பி பொடா 2004இல் போனது. இன்றைக்குப் பயங்கரவாத வழக்குகளுக்குப் போடும் உபா (UAPA) சட்டத்தில்கூட இப்படி ஒரு பிரிவு கிடையாது. அனுபவப்பட்டுத்தான் விட்டார்கள்.

இப்போது பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பவனிடம் வருவோம். 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்பது கல்யாண வீட்டுப் பழமொழி. நிலையத்துக்கு அது ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டம் 20(3). விசாரணையில் நீங்கள் கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும்தான், ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று பழைய குற்ற விசாரணைமுறைச் சட்டத்தின் 161, அதன் இடத்துக்கு வந்த சுரக்ஷா சன்ஹிதாவின் 180, இரண்டும் சொல்கின்றன. இது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமா, நிலையத்துக்கும் உண்டா என்ற கேள்வி 1978இல் வந்தது. கேட்டவர் ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி. சொத்து பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தார்கள், பதில் சொல்ல மாட்டேன் என்றார், அதற்கே அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நிலையத்திலேயே இந்த உரிமை ஆரம்பித்துவிடுகிறது, வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். முன்னாள் முதல்வர் பேசாமல் இருந்தால் அது சட்டப் பிரச்சினை ஆகிறது. கையாள் பேசாமல் இருந்தால் அவனுக்குக் 'கல்லுளிமங்கன்' என்று பேர் வைக்கிறோம்.

ஒன்று கவனித்திருப்பீர்கள். இங்கிலீஷ் படத்தில் கைவிலங்கு மாட்டும்போதே 'நீ பேசாமல் இருக்கலாம்' என்று போலீஸ்காரர் ஒப்பிக்கிறார். நம் ஊரில் அதைச் சொல்கிற கடமை மாஜிஸ்திரேட்டுக்குத்தான் இருக்கிறது. ஒப்புதல் பதிவு செய்யும் முன் 'நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்' என்று அவர் எச்சரிக்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்றும் அதே சன்ஹிதாவின் பிரிவு 183இல் இருக்கிறது. ஏன் அந்தக் கடைசி வரி? எங்கே திரும்பிப் போகப்போகிறோம் என்ற பயம் இருக்கும்வரை ஒருவன் வாயிலிருந்து வருவது எதுவும் அவனுடையது ஆகாது என்று சட்டம் எழுதியவருக்குத் தெரியும். நிலையத்தில் அதே எச்சரிக்கையை நீங்கள் சொன்னால் எந்தச் சட்டமும் தடுக்காது. சொல்லிப் பாருங்கள். பெஞ்சில் இருப்பவன் முதல்முறையாக உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான்.

"அப்படியென்றால் திருடன் எல்லாம் தப்பிவிடுவானே" என்று வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். நியாயமான கேள்விதான். அதற்கு எனக்கு வாதம் எதுவும் தெரியாது. நான் தோற்ற ஒரு வழக்கைத்தான் சொல்ல முடியும்.

பூட்டிய வீட்டில் பதினோரு பவுன் திருட்டு. என் கட்சிக்காரன் சரியான ஆள். நிலையத்தில் இரண்டு மணி நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். விசாரித்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமே ஆன பெண் உதவி ஆய்வாளர். அவனை முறைப்படி ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டு வெளியே கிளம்பியிருக்கிறார். பீரோ கைப்பிடியில் விரல்ரேகை இருந்தது. அவன் ரேகையோடு ஒப்பிட அவன் சம்மதம் தேவையில்லை, அது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்று 1961இலேயே உச்ச நீதிமன்றத்தில் பதினோரு நீதிபதிகள் சொல்லியாயிற்று. பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்ட் கடையொன்றின் சிசிடிவியை அழிவதற்குள் வாங்கியிருக்கிறார். மூன்று ஊர் அடகுக்கடை ஏட்டைப் புரட்டி, அவன் மச்சினன் பேரில் வைத்த ரசீதைப் பிடித்திருக்கிறார். கைப்பற்றியதை எல்லாம் புதிய சட்டப்படி வீடியோ எடுத்திருந்தார். கட்டில் ஒப்புதல் வாக்குமூலம் என்று ஒரு தாள்கூட இல்லை. 'மேற்படி' என்ற சொல்லே மகஜரில்தான் வந்தது.

ரேகை நிபுணர் வந்தார், அடகுக்கடைக்காரர் வந்தார். குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றேன். உருப்படியாகக் கேட்க ஒரு கேள்வி இல்லை. ரசீதின் மையைப் பற்றி ஏதோ கேட்டு உட்கார்ந்தேன். தண்டனை ஆனது. கட்சிக்காரன் மீதி ஃபீஸும் தரவில்லை.

அன்றைக்கு நீதிமன்றத்துக்கு வெளியே டீக்கடையில் அந்த உதவி ஆய்வாளர் நின்றிருந்தார். எப்படிம்மா இவ்வளவு சுத்தமாகக் கட்டு தயார் செய்தாய் என்று கேட்டேன். டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அவன் வாயே திறக்கலையே சார். அப்புறம் நாங்கதானே அலையணும்?"

அன்புடன்,
எதிரி தரப்பு வழக்கறிஞர் ஒருவர்